மாமா கிளம்பிட்டாரா

காலை அஞ்சரை மணிக்கெல்லாம் ஹக்கீம் வந்து நின்றுவிடுவான். கேட்டைத் திறக்க மாட்டான். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, தெருக்கோடியை ஒரு தரமும் வீட்டு வாசலை ஒரு தரமும் பார்ப்பான். பிறகு கூப்பிடுவான்.

“அக்கா, மாமா கிளம்பிட்டாரா? வெரசா வரச் சொல்லுங்க. பொம்பளையாளுக எல்லாம் வண்டியில ஏறிட்டாக.”

தெருவில் வண்டி எதுவும் நிற்காது. பொம்பளையாள் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அவன் கூப்பிடுகிற மாமா, சண்முகத்தாயின் புருஷன் ஒச்சப்பன், செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஹக்கீமும் ஒச்சப்பனும் ரத்த சொந்தம் இல்லை. போடியில் அடுத்தடுத்த தெரு, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக ஹக்கீமின் ஜீப்பில்தான் ஒச்சப்பன் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தார். விடியக்காலையில் ஆள்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குவான். சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஆள்களோடு இறங்குவான். முன்சீட்டு எப்போதும் ஒச்சப்பனுக்கு. தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார், தண்ணி இறைக்கிற மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. ‘மாப்ளே’ என்று அவர் கூப்பிட, ‘மாமா’ என்று இவன் கூப்பிட, அந்த முறையிலேயே சண்முகத்தாய் அக்காவாகிப் போனாள். நோன்புக் கஞ்சி இந்த வீட்டுக்கு வரும். பொங்கல் அந்த வீட்டுக்குப் போகும்.

அந்த மார்ச் மாதம் தோட்டத்துத் தண்ணித் தொட்டியைக் கழுவினார்கள். ரெண்டு ஆள் ஆழம். மேலே சிமிண்டு மூடி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஒரு வாய். அடியில் கிடந்த சகதித் தண்ணியை இறைக்க, பெட்ரோல் மோட்டாரை உள்ளே ஒரு திட்டில் இறக்கி ஓடவிட்டிருந்தது. புகை வெளியேற வழியில்லை. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் மோட்டார் திணறுகிற சத்தம் கேட்டு, சாயங்காலம் வண்டி எடுக்கும்வரை வேலையில்லாத ஹக்கீம் அதை அணைக்க உள்ளே இறங்கினான். இறங்கினவன் ஏறவில்லை. ஒச்சப்பன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் யோசிக்கவேயில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளே இறங்கி, விழுந்து கிடந்தவனைத் தோளில் போட்டு, ஏணியில் ஏறி வாய்ப்பக்கம் கொடுத்தார். மேலே நின்ற ரெண்டு பேர் ஹக்கீமின் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஏணியில் ஆள் இல்லை. அவரை எடுக்க அரைமணி நேரம் ஆனது. எடுத்தபோது உயிர் இல்லை.

ஹக்கீம் பிழைத்துக்கொண்டான். ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான். திறந்த பிறகு வேறு தொல்லை. படுக்கையில் இருக்க மாட்டேன் என்று எழுந்து எழுந்து ஓடினான். மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கினான். துணியால் கையைக் கட்டிவைத்தார்கள். மதுரையில் பெரிய டாக்டர் ஒருத்தர் அவன் பெண்டாட்டி ரமீஸாவை உட்காரவைத்துச் சொன்னார்.

“விஷப்புகைம்மா. ரத்தத்துல மூச்சுக்காத்து இல்லாமப் போச்சு. மூளைக்குச் சில நிமிஷம் அது கெடைக்கலேன்னாலே சேதாரந்தான். இவருக்குப் பழசெல்லாம் இருக்கு. புதுசா நடக்கிறதைப் பிடிச்சு வைக்கிற இடம் அடிபட்டிருக்கு. தேறுவாரு. எம்புட்டு தேறுவாரு, எப்பத் தேறுவாருன்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க.”

ரெண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நடந்தான், பேசினான், பிள்ளைகளின் பேர் சொன்னான். ஆனால் காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்குக் கேட்டால் தெரியாது. கை சும்மா இருக்கும்போது சும்மா இருக்கும். ஒரு பொருளை எடுக்க நினைத்தால் போதும், வெடுக்கென்று வெட்டும். டம்ளர் பறக்கும். அதற்கு மாத்திரை, கைக்குப் பயிற்சி, ஞாபகத்துக்கு எழுதிவைக்க ஒரு நோட்டு என்று ரமீஸா நாள் முழுக்க அவன் பின்னாலேயே அலைந்தாள். அவன் கால் மட்டும் நிற்கவில்லை. விடியக்காலையில் வண்டி எடுக்கிற நேரம் வந்துவிட்டால், எந்தக் கதவைச் சாத்தினாலும் திறந்துகொண்டு கிளம்பிவிடுவான். நேரே சண்முகத்தாய் வீட்டுக்குத்தான்.

முதல் நாள் ரமீஸா பின்னாலேயே ஓடிவந்தாள். முக்காடு நழுவ, மூச்சு வாங்க, ஹக்கீமுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவனை அனுப்பிவிட்டுத் தனியாகச் சொன்னாள்.

“அக்கா, மாமா மௌத்தானது அவருக்குத் தெரியாது. எத்தனை தரம் சொன்னாலும் தங்கல. சொல்ற அன்னிக்கெல்லாம் சோறு தண்ணி இல்லாமக் கெடக்காரு. மேல தோட்டத்துக்குப் போயிட்டாருன்னு மட்டும் சொல்லிருங்க. என் பிள்ளைகளுக்காகச் சொல்லிருங்க.”

சண்முகத்தாய் தலையை ஆட்டினாள். ரெண்டு மாதம் அப்படியே சொன்னாள். “மாமா மேல போயிட்டாரு தம்பி.” அதைக் கேட்டதும் அவனுக்குப் பதற்றம் வந்துவிடும். “என்னைய விட்டுட்டா? யார் வண்டியில? எனக்குக் கோவமா அவரு மேல, அவருக்குக் கோவமா எம்மேல?” என்று கேட்டுக்கொண்டே வேகவேகமாக நடப்பான். ஒரு நாள் அப்படியே முந்தல்வரை நடந்து போய்விட்டான். செக்போஸ்ட்டில் இருந்தவர்கள் தெரிந்த முகம் என்பதால் பஸ்சில் ஏற்றி அனுப்பினார்கள்.

தெருவில் ஹக்கீமைப் பற்றிப் பேச்சு நல்லபடியாக இல்லை. டிரைவருக்குத் தொட்டியில் என்ன சோலி, மோட்டாரை உள்ளே இறக்கியதே அவன்தானாம், தோட்டத்து சூப்பர்வைசரே போலீசில் அப்படித்தான் சொல்லியிருக்காராம் என்று பேசினார்கள். இல்லை என்று சொல்ல ஹக்கீமுக்கு ஞாபகம் கிடையாது. ரேஷன் கடையில், தண்ணிக் குழாயில், ரமீஸா நிற்கிற இடத்தில் பேச்சு நின்றுபோகும். அவள் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்குவாள்.

சண்முகத்தாய் ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோனில் வேலை பார்த்தாள். புருஷன் செத்த புதிதில் அவள் உள்ளே வந்தால் மற்றப் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். ஆகஸ்டில் ஒரு நாள், எவளோ எதையோ சொல்ல, காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்திகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் மீது தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அன்று முழுக்க விரல் காயைப் பிரித்ததே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அஞ்சு மாசம். அம்புட்டுத்தானா ஒரு மனுசன்?

மறுநாள் காலை ஹக்கீம் வந்து கூப்பிட்டான். “அக்கா, மாமா கிளம்பிட்டாரா?”

“செத்துப் போயிட்டாருடா.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“மார்ச்சு மாசமே செத்துப் போயிட்டாரு. தொட்டிக்குள்ள மோட்டார எறக்கிட்டு, நீ போயி விழுந்த. உன்னையத் தூக்கிவிட எறங்குனவரு திரும்பி வரல.”

மோட்டாரைப் பற்றிச் சொல்லும்போது அவள் கேட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஹக்கீம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். “இன்னா லில்லாஹி” என்று சாவுச் சேதிக்குச் சொல்கிற வசனத்தை ஆரம்பித்தவனுக்கு மேற்கொண்டு வரவில்லை. தலையில் அடிக்கப் போன கை வெட்டி இழுத்து எங்கோ போனது. “மாமா... மாமா...” என்று மண்ணைப் பார்த்து அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும், அடக்கத்தன்று அழுததற்குப் பிறகு முதல் தரமாகச் சண்முகத்தாய்க்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து அழுதார்கள். அன்று அவள் மத்தியானம் ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அஞ்சரைக்கு அவன் வந்தான். துடைத்துவிட்ட மாதிரி முகம்.

“அக்கா, மாமா கிளம்பிட்டாரா?”

அவள் மறுபடியும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள்.

இது தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை. ஊரே அவரை மறந்து சிரிக்கையில், இந்த ஒருத்தன் தினமும் முதல் நாள் அழுகையை அழுதான். அதற்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். நாலு மணிக்கே முழிப்புத் தட்டும். வாசலைக் கூட்டுவாள். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டுவாள். அவன் வர அஞ்சு நிமிஷம் பிந்தினால் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ரமீஸாவைப் பார்த்தால் மட்டும் வேறு தெரு வழியாகப் போனாள்.

தீபாவளி லீவுக்கு மகள் ஜோதி வந்தாள். மதுரையில் நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறவள். காலையில் சத்தம் கேட்டு எழுந்து வந்து, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஹக்கீம் போன பிறகுதான் பேசினாள்.

“எத்தனை நாளாம்மா இது?”

சண்முகத்தாய் துடைப்பத்தை எடுத்து, கூட்டின வாசலை மறுபடி கூட்டினாள்.

“அவரு மறந்துட்டு வந்து கேக்கல. அவருக்குத் தெரியவே தெரியாது. நீ சொல்ற ஒவ்வொரு நாளும் அவருக்கு அதுதான் மொத நாள். ஒரு ஆளுக்கு எத்தனை தரம்மா சாவுச் சேதி சொல்லுவ?”

“உங்க அப்பாவுக்காகத் தினமும் ஒருத்தன் அழுகிறான். உனக்கு என்னடி வலிக்குது?”

“அழுகிற ஆளு நோயாளிம்மா!” ஜோதி கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ரமீஸா அக்காவ நேத்து பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். ராத்திரியெல்லாம் தூங்காம, ‘நான் என்னமோ பண்ணிட்டேன், என்னமோ பெரிய தப்பு பண்ணிட்டேன்’னு சொல்றாராம். என்னன்னு கேட்டா தெரியலையாம். சேதிதான் மறக்கும். அது குடுத்த வலி உள்ள எங்கயோ தங்கிப் போகும்.”

சண்முகத்தாய் அன்று இட்லி மாவை ஆட்டப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். சோப்பை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு வேலையும் முடியவில்லை.

அதிலிருந்து சொல்வதை நிறுத்தினாள். ஹக்கீம் வந்து கேட்டால், “உள்ள வா தம்பி, டீ குடி” என்று கூட்டிவந்து உட்காரவைத்தாள். டம்ளர் சரிப்படாது என்று சொம்பில் பாதி ஊற்றி, ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அப்படியும் சிந்தும். உட்கார்ந்தபடியே கால் பிரேக்கை மிதிக்கும். ஆனால் பழசைப் பேச ஆரம்பித்தால் அவனிடம் ஒரு நிதானம் வந்துவிடும். அவளுக்குத் தெரியாத ஒச்சப்பனை அவன் வைத்திருந்தான். பத்தாவது வளைவில் காற்று அடிக்கிற இடத்தில் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு உட்காருகிற ஒச்சப்பன். பூப்பாறைச் சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசி, கடைக்காரனே சிரித்து விலையைக் குறைத்த ஒச்சப்பன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளை அறியாமல் சிரிப்புகூட வந்தது.

மார்கழி, தை என்று போனது. மதுரைக்குப் போய் மாத்திரையை மாற்றியதில் கை வெட்டுவது குறைந்தது. அவனிடம் வேறு சில மாற்றமும் வந்திருந்தது. அவளுக்கு அது கண்ணில் படாமல் போகவில்லை, ஆனால் அவள் யோசிக்கவில்லை. கேட்டைக் கேட்காமலே திறந்தான். சொம்பு எந்த இடத்தில் கவிழ்த்திருக்கும் என்று அவனே போய் எடுத்தான். ‘மாமா கிளம்பிட்டாரா’ என்று கேட்கும்போது குரலில் பழைய தெம்பு இல்லை. பாதியில் நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தான்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை. மலையைப் பனி மூடியிருந்தது. ஹக்கீம் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“மாமா ஒண்ணு சொல்வாரு அக்கா. ‘உங்க அக்கா திட்டுனா எனக்குப் பயமில்ல மாப்ளே. பேசாம இருந்தாத்தான் பயம். அவ பேச மாட்டேன்னு சொல்லிட்டா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது’ம்பாரு.”

பத்து மாதமாகச் சண்முகத்தாயின் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவனிடம் சொல்லலாம். இவனிடம் மட்டும்தான் சொல்லலாம். நாளைக் காலையில் இவனிடம் ஒன்றும் இருக்காது.

“தம்பி, மோட்டார நீ எறக்கல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அவருதான் எறக்குனாரு. அன்னிக்கு ராசிங்காபுரத்துல என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. பஸ் பிடிச்சாவது ரெண்டு மணிக்கு வீட்டுல இருக்கணும், இல்லேன்னா உங்களோட பேசவே மாட்டேன்னு சொல்லித்தான் காலையில அனுப்புனேன். பத்து மணிக்குப் போன் பண்ணுனாரு. வெளியே வச்சா குழாய் எட்டலத்தா, உள்ள எறக்குனா வெரசா முடியும், ஆனா உள்ள வைக்கக் கூடாதும்பாகன்னு சொன்னாரு. நான் சேலை எடுத்துட்டு இருந்தேன். ‘என்னத்தையாவது பண்ணி முடிச்சிட்டு வாங்க’ன்னு சொல்லி வச்சிட்டேன். அம்புட்டுத்தான். அதான் அவரோட கடைசியாப் பேசுனது. தோட்டத்து மேல பழி வராம சூப்பர்வைசரு உம்பேரச் சொன்னப்போ, நான் வாயத் தொறக்கல. தொறந்தா என் போனு வெளிய வந்துரும்ல? தினமும் உன் முகத்துக்கு நேரா நீதான் எறக்குனேன்னு சொன்னேன்டா. பொய்யின்னு தெரிஞ்சே சொன்னேன்.”

சொல்லிமுடித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹக்கீம் சொம்பை மறுபடி எடுத்து மிச்ச டீயைக் குடித்து முடித்தான். பிறகு எழுந்து போனான். அன்று இரவு அவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

மறுநாள் அஞ்சரைக்கு அவன் வரவில்லை. ஆறாயிற்று. தெருமுனைக்குப் போனாள், வந்தாள். ஏழு மணிக்கு, வெயில் ஏறின பிறகு, அவன் மெதுவாக நடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். மாமாவைக் கேட்கவில்லை.

“அக்கா... மோட்டார நான் எறக்கலையா?”

அவள் தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டருகே வந்தாள்.

“நேத்து சொன்னீங்கள்ல? பனியா இருந்துச்சு. சடங்குன்னு சொன்னீங்க. ஏதோ போன்னு... அதுக்கப்புறம் கொஞ்சம் விட்டுப் போச்சு. ஆனா மாமாதான் எறக்குனாருன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. விடிய விடிய அதையே சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன், விட்டுப் போயிறக் கூடாதுன்னு.”

இத்தனை மாதத்தில் அவன் மூளை பிடித்துவைத்த முதல் சேதி. அதை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்த மாதிரி நின்றான். சண்முகத்தாய் சொன்னாள்:

“நான் ஒண்ணும் சொல்லலியே தம்பி. நேத்து நீ வந்த, டீ குடிச்ச, போயிட்ட. கனவு எதும் கண்டிருப்ப.”

அவன் முகம் வாடியதை அவள் பார்த்தாள். அவன் வாதாடவில்லை. “அப்படியா?” என்றான். “கனவுதான் போல. எனக்குத்தான் எதுவும் சரியா...” என்று தலையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம். சண்முகத்தாய்க்கு உட்கார முடியவில்லை. குடோனில் பெரிய காயும் சிறு காயும் ஒன்றாகப் போட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். வழியில் யாராவது ‘ஹக்கீம்’ என்று சொன்னால் நின்று கேட்டாள். பத்தாம் நாள் மருந்துக்கடை வாசலில் ரமீஸா எதிரே வந்துவிட்டாள். ஒதுங்க வழியில்லை.

“அக்கா, அவரு இப்ப உங்க வீட்டுப் பக்கம் வர்றதில்லைல்ல?” ரமீஸாவின் கண் உள்ளே போயிருந்தது. “போன வாரம் ஒரு நாள் காலையில, மொத நாள் நடந்தது ஏதோ ஞாபகம் இருக்குன்னு துள்ளிக் குதிச்சு எந்திரிச்சாரு. எனக்கு உசுரே வந்துச்சு. வெளிய போயிட்டு வந்தவரு, எல்லாம் கனவுன்னு உட்கார்ந்துட்டாரு. நோட்டுல எழுத மாட்டேங்கிறாரு. பயிற்சிக்கு வர மாட்டேங்கிறாரு. ‘என் தலையில வர்றது எதையும் நம்பக் கூடாது ரமீஸா, எல்லாம் பொய்யா வருது’ங்கிறாரு. நான் சமைச்சுப் போட்டா, நெசமா நீ போட்டியான்னு கேக்குறாரு.”

அவள் மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சண்முகத்தாய் குடோனுக்குப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. கொட்டகுடி ஆற்றுப் பாலம்வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஒரு வாட்டி நினைத்தாள், ஜோதியைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் கூப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது ஹக்கீம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஹக்கீம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரமீஸா, “வாங்கக்கா” என்று பாயை உதறினாள். சண்முகத்தாய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று தோன்றியது.

“தம்பி, நீ கண்டது கனவில்ல. நான்தான் சொன்னேன். நான் சொன்னதுதான் நெசம். மறுநாள் இல்லேன்னது பொய்யி.”

பிறகு ரமீஸாவைப் பார்த்து முழுசையும் சொன்னாள். சடங்கு, போன், குழாய், போலீஸ் வந்து கேட்டபோது வாயை மூடிக்கொண்டது, தினமும் காலையில் கேட்டருகே அவனிடம் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

முதலில் பேசினது ஹக்கீம். பேசினானா, கத்தினானா என்று தெரியவில்லை. “அப்ப எனக்கு ஞாபகம் இருந்திருக்கு!” எழுந்து நின்றான். “ரமீஸா, கேட்டியா? எனக்கு ஞாபகம் இருந்திருக்கு! பனி, சடங்கு, போனு, எல்லாம் சரியா இருக்கு! நான் சொன்னேன்ல!” சிரித்தான். வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தான். கை வெட்டி அலமாரியில் இருந்த டப்பா ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதைக்கூட அவன் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று நின்றான்.

“அப்ப மாமா...”

“ஆமா தம்பி.”

“தெரியும்க்கா,” என்றான் மெதுவாக. “அதுவும் ஞாபகம் இருக்கு. கொஞ்ச நாளாவே தெரியும். கேட்டா, அவரு சாகலன்னு நீங்க சொல்லுவீங்களோன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

ரமீஸா பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து, உருண்ட டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“என் மகன் பள்ளிக்கூடத்துல சண்டை போட்டுட்டு வந்தான்க்கா. உங்க வாப்பா ஆளக் கொன்னவருன்னு சொன்னானுகளாம். அதையும் பொறுத்துக்கிட்டேன். உங்க முகத்தப் பார்க்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. உங்க தாலிய என் புருஷன் பறிச்சிட்டாருன்னு தொழுகையில அழுதேன். நீங்க தெருவுல ஒதுங்கிப் போறதப் பார்த்து, நம்ம மேல வெறுப்புன்னு நெனச்சேன்.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் சண்முகத்தாயால் தாங்க முடியவில்லை. “இங்க வந்து சொன்னது பத்தாது. அந்தத் தோட்டத்துல, அத்தனை ஆளு முன்னாடி, அந்த சூப்பர்வைசரு முன்னாடி சொல்லணும். சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“போயிட்டு வாங்க.”

பங்குனியில், முதல் வருஷத் திதி முடிந்த மறுவாரம், மூன்று பேரும் மேலே போனார்கள். ஜீப்பை ஓட்டியது முத்துக்கண்ணன் என்கிற டிரைவர். ஹக்கீம் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் ரமீஸாவும் சண்முகத்தாயும் எதிரெதிரே. ரமீஸா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தலைத் தாண்டி ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வளைவுக்கு வளைவு ஹக்கீமின் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அவன் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போடி ஜீப் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுகிற வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எந்த வண்டி முதலில் கிளம்பணும் என்பதை நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்று முத்துக்கண்ணன் சொன்னான். ரெண்டு நாள் குளறுபடி, மூணாவது நாள் சரி.

தோட்டத்தில் டீ நேரம். காய் காய வைக்கிற ஸ்டோருக்கு முன்னால் ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகத்தாய் அவர்கள் எதிரே போய் நின்றாள். பக்கத்தில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அவளாகவே சொன்னாள். நாலே வாக்கியம். மோட்டாரை இறக்கியது ஒச்சப்பன், அதற்குக் காரணம் அவள் பண்ணின அவசரம், ஹக்கீம் அதை அணைக்கத்தான் இறங்கினான், இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அவள்.

சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்தார். பொம்பளையாள்களில் ஒருத்தி, சின்னச்சாமி பெண்டாட்டி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “நாங்களும்தான் பார்த்தோம். ஒச்சப்பண்ணன்தான் கயித்தக் கட்டி எறக்குனாரு. எங்ககிட்ட யாரும் கேக்கல.”

“கேக்கலேன்னா சொல்ல மாட்டீகளா?” என்றாள் ரமீஸா. “போலீசு ஸ்டேசன்லயும் இதைச் சொல்லணும். நீங்களும் வரணும்.” சின்னச்சாமி பெண்டாட்டி சூப்பர்வைசரை ஒரு தரம் பார்த்துவிட்டு, வர்றேன் என்றாள்.

ஹக்கீம் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றான். போய்ப் பார்த்தார்கள். வாயில் இப்போது இரும்புக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தது. அவன் குனிந்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தான்.

“எனக்கு இங்க ஒண்ணுமே ஞாபகம் வரல அக்கா.”

“வராமலே இருக்கட்டும்,” என்றாள் சண்முகத்தாய். அவளும் எட்டிப் பார்த்தாள். இருட்டும் தண்ணியும்தான் இருந்தது. நினைத்ததைவிடச் சின்ன வாய்.

இறங்கும்போது மெட்டில் மழை பிடித்துக்கொண்டது. முத்துக்கண்ணன் வண்டியை நிறுத்திப் படுதாவை இறக்கிவிட்டான். படுதாவுக்குள் இருட்டில் ரமீஸா அன்று முதல் தரமாகச் சண்முகத்தாயிடம் பேசினாள்.

“எனக்கு இன்னும் ஆறலக்கா. ஆறுமான்னும் தெரியல.”

“சரித்தா,” என்றாள் சண்முகத்தாய்.

ஏழெட்டு வளைவு இறங்கியிருப்பார்கள். ஹக்கீம் திரும்பிப் பின்னால் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

“ரமீஸா, நாம இப்ப எங்க போயிட்டு வர்றோம்?”

ரமீஸா வாயைத் திறந்தாள். அவன் அவசரமாகக் கையைத் தூக்கித் தடுத்தான். கை லேசாக வெட்டி நின்றது.

“இரு, இரு, சொல்லிராத. நானே சொல்றேன்.”

ரெண்டு பேரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு வளைவு போனது. இன்னொன்று போனது. எதிரே லோடு லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. முத்துக்கண்ணன் ஒதுக்கி நிறுத்தி வழி விட்டான்.

“தோட்டத்துக்கு,” என்றான் ஹக்கீம். “அக்கா பேசுனாங்க. எல்லாரும் டீ குடிச்சிட்டு இருந்தாக.”

“என்ன பேசுனாங்க?” ரமீஸா கேட்டாள்.

அவன் முன்பக்கம் திரும்பி, கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தபடி, முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தான். முந்தல் வரும்வரை யோசித்தான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.